‘சார்ஜ் கொடுத்துட்டாங்க’ என்றால் என்ன அர்த்தம்?

கொள்ளிடக்கரை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று சொன்னால்தான் ஏன் கேட்கிறேன் என்பது புரியும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறார். 22 வருட சர்வீஸ். அங்கே கண்காணிப்பாளர் ஓய்வு பெற்று நான்கு மாதமாக அந்த இடம் காலி. வரிசைப்படி பொறுப்பு அண்ணனுக்குத்தான் வரவேண்டும் என்று வீட்டில் எல்லோருமே எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா தினமும் சாயங்காலம் கேட்பார், "சார்ஜ் குடுத்துட்டாங்களாடா?" என்று. அப்பா இருந்த காலத்திலிருந்து அம்மாவுக்குப் பழகிய சொல் அது. அப்பாவும் ஒரு முறை ஆறு மாதம் சார்ஜ் பார்த்தவர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்கு அண்ணனோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தார். "அம்மா, அண்ணனுக்கு சார்ஜ் கொடுத்துட்டாங்க. அவர் போன் எடுக்கலை. வந்தா எனக்குக் கூப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. ரவை வறுத்து, இருந்த நெய்யை எல்லாம் ஊற்றி கேசரி கிளறினார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். தெருவில் நான்கு வீட்டுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். கேட்டவர்களிடம் எல்லாம் "பையனுக்கு சார்ஜ் கொடுத்துட்டாங்க" என்றார்.

ஆறரை மணிக்கு அண்ணன் வந்தார். அம்மா தட்டோடு வாசலிலேயே நின்றார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பழுப்பு நிற உறையைத் திண்ணையில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உறைக்குள் இருந்தது 17(பி) சார்ஜ் மெமோ. ஒரு கோப்பு அவருடைய பிரிவில் நாற்பது நாள் நகராமல் கிடந்தது என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. "போன் ஏன்டா எடுக்கலை?" என்று அம்மா கேட்டார். "சார்ஜ் இல்லைம்மா" என்றார் அண்ணன்.

அம்மா அழவில்லை. கேசரிப் பாத்திரத்தை மூடி வைத்தார். அவரை உடைத்தது மறுநாள் காலைதான். கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை, "பையன் சார்ஜ் எடுத்துட்டானா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். என்ன பதில் சொல்வது? அம்மா எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

நான் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. அகராதியைப் புரட்டினால் 1, 2, 3 என்று எண் போட்டு இருபதுக்கு மேல் பொருள் இருக்கிறது. கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, மின்னூட்டம், பாய்ந்து தாக்குதல், துப்பாக்கிக்குள் போடும் மருந்து. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று மட்டும் இல்லை. ஒருவரை நம்பி ஒப்படைப்பதற்கும் ஒருவர் மேல் குற்றம் சொல்வதற்கும் எப்படி ஒரே சொல் வந்தது? இவை தனித்தனிச் சொற்களா, தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றனவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

பழைய கச்சேரி:

அம்மா, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக (அலுவலகத் தலைமை எழுத்தர்) இருந்து ஓய்வு பெற்றவன். சொல்லின் வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் கோர்ட்டுக் கச்சேரியிலும் ஆபீஸிலும் இந்தச் சொல் எங்கெங்கே புழங்குகிறது என்று தெரியும்.

முதலில் உங்கள் அண்ணன் விஷயம். 17(பி) என்பது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் வருவது. தமிழில் எழுதும்போது 17(ஆ) என்று போடுவார்கள், குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்பார்கள். 17(அ) சிறிய தண்டனைகளுக்கு: கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரி. 17(ஆ) பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரைக்கும் போகக்கூடியது. அதனால்தான் அந்த எண்ணைக் கேட்டாலே ஆபீஸில் முகம் வெளுத்துவிடுகிறது. ஆனால் அந்தக் காகிதம் தண்டனை இல்லை. விசாரணை முடிந்து கடைசியில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம், சின்னத் தண்டனையோடும் முடியலாம்.

இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 311-ஆம் பிரிவில், என்ன குற்றச்சாட்டு என்று தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுத்து, விசாரித்த பிறகுதான் ஒரு அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யலாம் என்று இருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொது விதி அதுதான். அந்தப் பிரிவில் வருவதும் இதே சார்ஜ்தான். மெமோ கையில் வந்திருக்கிறது என்றால் பதில் சொல்லும் உரிமையும் கூடவே வந்திருக்கிறது.

அடுத்து போலீஸ் சார்ஜ் ஷீட். பத்திரிகையில் "சார்ஜ் ஷீட் தாக்கல்" என்று போட்டதும் ஆள் குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. அது போலீஸ் தன் புலன்விசாரணையை முடித்துக் கொடுக்கும் இறுதி அறிக்கை, அவ்வளவுதான். குற்றப்பத்திரிகை என்கிறோம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், காவலில் இருந்தால் அதை 60 நாளிலோ, பெரிய குற்றம் என்றால் 90 நாளிலோ தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். அதற்குப் பிறகு நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, எந்தெந்தப் பிரிவில் இவரை விசாரிக்க வேண்டும் என்று எழுதுவதுதான் சட்டத்தின் கண்ணில் உண்மையான சார்ஜ். தமிழில் குற்றச்சாட்டு வனைதல் என்போம். பானை வனைகிற அதே வனைதல். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. நான் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்த வருடங்களில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் சக்கரமும் களிமண்ணும் நினைவுக்கு வரும்.

இதிலேயே டிஸ்சார்ஜ் என்று ஒன்று உண்டு. குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, வழக்கில் ஒன்றும் இல்லை என்று எதிரியை அனுப்பிவிடுவது விடுவிப்பு. முழு விசாரணை நடந்து, குற்றவாளி இல்லை என்று தீர்ப்புச் சொல்வது விடுதலை. பத்திரிகைகள் இரண்டையும் விடுதலை என்றே போட்டுவிடுகின்றன.

ஆபீஸ் பக்கம் வந்தால், இடமாறுதலில் போகிறவர் வருகிறவருக்கு சார்ஜ் ஒப்படைப்பது. முற்பகலா பிற்பகலா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். பீரோ சாவி, பதிவேடுகள், நிலுவைக் கோப்புகள் என்று சார்ஜ் லிஸ்ட் போகும். காலியிடத்தைச் சேர்த்துப் பார்ப்பது கூடுதல் பொறுப்பு, அதை எஃப்.ஏ.சி. (ஃபுல் அடிஷனல் சார்ஜ்) என்பார்கள். உங்கள் அம்மா எதிர்பார்த்தது அதைத்தான்.

வண்டித்தடம்:

தங்கச்சி, நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேர் பதில்: எல்லாம் ஒரே சொல்தான். ஒரே வண்டியிலிருந்து இறங்கியவை.

வண்டி என்று சும்மா சொல்லவில்லை. லத்தீனில் காரஸ் என்றால் வண்டி. அதுவும் லத்தீனுக்குச் சொந்தமில்லை, கால் என்று அழைக்கப்பட்ட, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டியரிடமிருந்து ரோமானியர் வாங்கியது. அதிலிருந்து பிற்கால லத்தீனில் காரிக்காரே: வண்டியில் சுமை ஏற்று. அது பழைய பிரெஞ்சில் சார்ஜ், சார்ஜியர் என்று மாறியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான சொற்கள் அப்படி ஆங்கிலத்துக்குள் வந்தன, இதுவும் அதில் ஒன்று. ஆங்கிலத்தில் அதன் முதல் பொருளே சுமை, பாரம் என்பதுதான். கட்டணமும் குற்றமும் பின்னால் வந்தவை.

இனி அந்தச் சுமையை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ஒருவர் தோளில் வேலையை ஏற்றினால் பொறுப்பு. ஒருவர் தலையில் பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. ஒருவர் கணக்கில் பணத்தை ஏற்றினால் கட்டணம். பீரங்கிக்குள் மருந்தை ஏற்றினால் அதுவும் சார்ஜ்.

நமக்கு இது விளங்காமல் போக நியாயமே இல்லை. தமிழில் சுமத்துதல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். பொறுப்பைச் சுமத்தினார்கள், குற்றம் சுமத்தினார்கள், வரி சுமத்தினார்கள். மூன்றுக்கும் நாமும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். லத்தீன்காரன் வண்டியைப் பார்த்து யோசித்தான், நாம் தலைச்சுமையைப் பார்த்து யோசித்திருக்கிறோம். இதை முதன்முதலில் கவனித்த அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன். அன்றைக்குப் பாடம் முடியவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பாய்ந்து தாக்குவதற்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பதில் மட்டும் ஒரு வளைவு இருக்கிறது. ஈட்டியையோ துப்பாக்கி முனைக் கத்தியான பயோனெட்டையோ தாக்குவதற்குத் தயாராக நீட்டிப் பிடிக்கும் நிலையைப் பழைய ராணுவப் பயிற்சியில் சார்ஜ் என்றார்கள். ஆயுதத்தைத் தயார்நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருள், அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மோதுவது என்று நீண்டது. நம் ஊர் லத்தி சார்ஜ் அதன் பிள்ளை. அந்தக் கூட்டுச்சொல் இந்தியாவில் பிறந்தது: பாதி இந்தி, பாதி பிரெஞ்சு வழி வந்த ஆங்கிலம். நல்லவேளை, நமக்குத் தடியடி என்று தெளிவான சொல் இருக்கிறது.

இதே வண்டியில் வந்த உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார், கேரி, ஸ்பானிஷ் வழியாக வந்த கார்கோ. கேரிகேச்சர்கூட இந்தக் குடும்பம்தான். இத்தாலியில் காரிக்காரே என்றால் ஏற்றுவது, மிகைப்படுத்துவது; மூக்கையோ காதையோ மிகையாக ஏற்றி வரைந்தால் அது கேரிகேச்சர்.

ட்யூஷன் பிள்ளைகளுக்காக இரண்டு விஷயம், இதில் நன்றாகப் படிப்பவர்களே தடுக்கி விழுகிறார்கள். "இன் சார்ஜ் ஆஃப்" என்றால் பார்த்துக்கொள்பவர். நடுவில் ஒரு ‘த’ போட்டு "இன் த சார்ஜ் ஆஃப்" என்று எழுதினால், பார்த்துக்கொள்ளப்படுபவர். அத்தை குழந்தைக்கு முதல் வகை, குழந்தை அத்தையிடம் இரண்டாம் வகை. ஒரு சின்னச் சொல் ஆளையே மாற்றிவிடும்.

அடுத்தது "சார்ஜ்டு வித்". இதற்குப் பின்னால் திருட்டு என்று வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர். கணக்கைச் சரிபார்ப்பது என்று வந்தால் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டவர். முன்பாதி ஒரு எழுத்துகூட மாறாது. பின்னால் வருவதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரும் புரிந்துகொள்கிறார்கள். தமிழ்ப் பேச்சில் நாம் "சார்ஜ் கொடுத்துட்டாங்க" என்று வெட்டிச் சொல்லிவிடுகிறோம், பின்னால் வருவது ஒன்றுமே இல்லை. மெமோ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் அம்மா அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார். போன் செய்தவரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் ஆபீஸில் அன்று எல்லோரும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

கொள்ளிடக்கரை:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் கைகூப்பி நன்றி. சுமத்துதல் என்ற இடத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தினமும் வாயில் வருகிற சொல், ஒரு நாளும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் எல்லையில் சாலையோரமாக ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்க வைத்தது. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கிக்கொள்ள வசதியான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக வைத்தது என்று அம்மா சொல்வார். பல ஊர்களில் சுமைதாங்கிக்கு இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். நேற்று சாயங்காலம் அம்மாவை அங்கே வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், வண்டித்தடம் அண்ணா எழுதிய வண்டிக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அப்ப குடுத்தது ரெண்டுமே சுமைதான்" என்றார். பிறகு அப்பா சார்ஜ் பார்த்த அந்த ஆறு மாதம் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார், எப்படிச் சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்று சொல்ல ஆரம்பித்தார். அதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. போன் சார்ஜும் அதே வண்டிதானா? அதில் யார் எதை ஏற்றுகிறார்கள்?

பேட்டரி கடை:

அக்கா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்து 16 வருடம் ஆகிறது. டிப்ளமோ படித்தவன்.

அதே வண்டிதான். எங்கள் கடையில் யாரும் சார்ஜ் செய்வது என்று சொல்ல மாட்டோம், "சார்ஜ் ஏத்தணும்" என்றுதான் சொல்வோம். ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றினால் லாரி பேட்டரி நல்லபடியாக ஏறும். அவசரத்துக்கு அதிக ஆம்பியரில் ஏற்றினால் சூடாகி, தகடு கெட்டு, ஆயுசு குறையும். வருகிற டிரைவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, ஆனாலும் சொல்வேன், அது அவர்கள் பணம்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்தது 1740களில். ஹாலந்தில் லைடன் என்ற ஊரின் பெயரில் லைடன் ஜாடி என்று ஒன்று. கண்ணாடி ஜாடிக்கு உள்ளேயும் வெளியேயும் உலோகம், உராய்வில் உண்டாகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கலாம், தொட்டால் தூக்கி அடிக்கும். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்கிளின் அதை வைத்துச் சோதனை செய்தார். மின்சாரம் ஒரு திரவம் மாதிரி, அதிகமாக ஏறினால் பிளஸ், குறைந்தால் மைனஸ் என்று அவர் நினைத்தார். பிளஸ், மைனஸ் பேச்சும் அவரிடமிருந்து வந்ததுதான். துப்பாக்கிக்கு மருந்து ஏற்றுகிற மாதிரி ஜாடிக்கு மின்சாரம் ஏற்றுவது சார்ஜ், வெடிக்கிற மாதிரி விடுவது டிஸ்சார்ஜ். பல ஜாடிகளை வரிசையாகச் சேர்த்து வைத்ததை பேட்டரி என்றார். அதுவும் பீரங்கி வரிசைக்கு இருந்த பெயர். எங்கள் தொழிலின் பாதிச் சொற்கள் பட்டாளத்திலிருந்து வந்தவை என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய அமில பேட்டரியை 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்தார். இன்றைக்கும் லாரியில் இருப்பது அந்த வகைதான்.

யார் எதை ஏற்றுகிறார்கள் என்று கேட்டீர்களே, இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. போனை சார்ஜரில் போட்டால் உள்ளே மின்சாரம் போய் நிரம்புகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு முனை வழியாக எத்தனை எலக்ட்ரான் உள்ளே போகிறதோ, அத்தனை எலக்ட்ரான் மறுமுனை வழியாக வெளியே வந்துவிடும். நூறு சதவீதம் காட்டும்போதும் சரி, செத்துக் கிடக்கும்போதும் சரி, பேட்டரியில் மொத்த மின்னூட்டம் ஒன்றுதான். மாறுவது உள்ளே இருக்கும் ரசாயனம். போன் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கம் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. மேட்டுக்குச் சுமை ஏற்றி வைக்கிற மாதிரி. போன் வேலை செய்யும்போது அவை இறங்கி வருகின்றன. ஏற்றுவது சக்தியை.

பாடப் புத்தகத்தில் வரும் மின்னூட்டம் வேறு கணக்கு. அது எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் கூடவே பிறந்த குணம். யாரும் ஏற்ற வேண்டாம், இறக்கவும் முடியாது. இலங்கைப் பாடநூலில் இதை ஏற்றம் என்றே எழுதுகிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்த பையன் காட்டினான். சொல்லாகப் பார்த்தால் வண்டிக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். எனக்கு மின்னூட்டமும் பிடிக்கும், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற ஊட்டம் அதில் இருக்கிறது.

இரவுப்பணி:

நான் செவிலியர். எங்கள் வார்டுகளில் இந்தச் சொல் நோயாளிகளை எப்படிக் குழப்புகிறது என்று தினமும் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மகப்பேறு வார்டில், பிரசவமாகி மூன்றாவது நாள் இருந்த ஒரு பெண்ணிடம் "டிஸ்சார்ஜ் இருக்காம்மா?" என்று கேட்டேன். நான் கேட்டது தையல் போட்ட இடத்தில் சீழ் மாதிரி ஏதாவது வடிகிறதா என்று. அந்தப் பெண், "நாளைக்கு இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க சிஸ்டர்" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு, வீட்டுக்குப் போகப் போகிற சந்தோஷம். நானும் சரி, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவள் என்ன புரிந்துகொண்டு சொன்னாள் என்பது அடுத்த படுக்கைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்து பார்த்தேன். தையலில் லேசாகச் சீழ் கட்டியிருந்தது. இன்-சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, டாக்டர் பார்த்து, அவள் இன்னும் நான்கு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நீர் வடிகிறதா, சீழ் வருகிறதா, வெள்ளைப்படுகிறதா, நாற்றம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். வீட்டுக்கு அனுப்புவதற்கு "வீட்டுக்கு அனுப்புறோம்" என்றே சொல்வேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வண்டித்தடம் சார் சொன்னதைப் பார்த்தால் டிஸ்சார்ஜ் என்பது ஏற்றிய சுமையை இறக்குவது என்றாகிறது, இல்லையா? ஆஸ்பத்திரியிலிருந்து இறக்கிவிடுவதும் உடம்பிலிருந்து வடிவதும் அதே இறக்கம்தான் போல. பிறகு இன்னொரு விஷயம். நோயாளி டிஸ்சார்ஜ் என்றதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி "சார்ஜ் எவ்வளவு சிஸ்டர்?" அரசு மருத்துவமனை, பணம் வேண்டாம் என்று சொன்னாலும் பலர் நம்புவதில்லை. "நோ சார்ஜ்" என்று சொன்னால், பொறுப்பு எடுக்க மாட்டோம் என்று சொல்வதாக நினைத்து ஒரு பெரியவர் கலங்கிப்போனார். காசு கட்ட வேண்டாம் தாத்தா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

வண்டித்தடம்:

ஆமாம் சகோதரி, அதே இறக்கம்தான். பட்டாளத்திலிருந்து ஒருவரை அனுப்புவது, கடனைத் தீர்ப்பது, கடமையை முடிப்பது, துப்பாக்கி சுடுவது, ஆலைக் கழிவு நீரை ஆற்றில் விடுவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் வரும். நீங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கிற முறை அகராதியைவிட மேல்.

பழைய கச்சேரி:

விட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொத்துப் பத்திரத்திலும் இந்தச் சொல் உண்டு. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் 100-ஆம் பிரிவில் வருகிற சார்ஜ். அடமானம் எழுதாமலேயே, ஒரு பணத்துக்கு இந்தச் சொத்து ஈடு நிற்கும் என்று அதன் மேல் ஏற்றி வைப்பது. உதாரணமாக அம்மாவுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சத்துக்கு மகன் வீட்டின் மேல் பொறுப்பு ஏற்றலாம். நிலம் வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது இது மாதிரி ஏதாவது மேலே ஏறி நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். அங்கேயும் சுமைதான், மனிதன் தலைக்குப் பதில் மண்ணின் தலையில்.

அம்மா, உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்: மெமோ கையில் கிடைத்த தேதியைக் குறித்து வைக்கட்டும். அதில் கொடுத்திருக்கும் கெடுவைத் தாண்டவிட வேண்டாம். குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகச் சொல்லியிருக்கும் ஆவணங்களின் நகலைக் கேட்டு எழுதட்டும். அந்த நாற்பது நாளில் அவர் எத்தனை நாள் விடுப்பில் இருந்தார், எத்தனை பிரிவு பார்த்தார் என்று வருகைப் பதிவேட்டையும் பணிப் பங்கீட்டு ஆணையையும் வைத்து எழுத வேண்டும். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம்.

கொள்ளிடக்கரை:

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தோம். அந்த நாற்பது நாளில் பதினொரு நாள் அண்ணன் வெளியூர் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார். வேறொருவர் நீண்ட விடுப்பில் போனதால் அவருடைய பிரிவையும் இவரே பார்த்திருக்கிறார், அதற்கு வாய்மொழி உத்தரவுதான், எழுத்தில் இல்லை. அந்தப் பிரிவுக்கு வரும் கோப்புகளைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டில் அண்ணன் கையெழுத்து இருக்கும் பக்கங்களின் நகலைக் கேட்டு எழுதியிருக்கிறோம். கெடு முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து விளக்கத்தைத் தமிழில் எழுதினோம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரியை அண்ணன் யோசிக்காமல் சொன்னார்: "என்மீது சுமத்தப்பட்டுள்ள குற்றச்சாட்டைப் பணிவுடன் மறுத்துக்கொள்கிறேன்." ஆபீஸில் வழக்கமாக எழுதும் வரிதான், அவர் பழக்கத்தில் சொன்னார். என் பேனா மட்டும் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். "என்ன?" என்று அண்ணன் கேட்டார். அப்போதுதான் அவருக்கும் வண்டிக் கதையைச் சொன்னோம்.

எதிர்வீட்டு அத்தையிடம் அம்மா இன்று காலையில் தானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "அது வேற சார்ஜ். மெமோ. பதில் எழுதியிருக்கோம்" என்றாராம். அத்தை, அவருடைய மாமனாருக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று வந்து ஒன்றரை வருடம் கழித்துத் தீர்ந்தது என்று சொல்லி, கொல்லையில் பறித்த கீரை ஒரு கட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

விசாரணை என்று தேதி வந்தால் இங்கே எழுதுகிறேன். பேட்டரி கடைத் தம்பி, அண்ணன் போன் மதியத்துக்குள் செத்துவிடுகிறது, நான்கு வருடப் பழைய போன். பேட்டரி மட்டும் மாற்றினால் போதுமா?